சர்வருக்குப் பெயர் வைத்தால் டொமைன் வந்துவிடாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது. நான்கு நாளாக ஆர்டர் மெயிலே வரவில்லை என்று ஒரு துணிக்கடைக்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால், அத்தனை ஆர்டரும் அதே சர்வரில் ரூட்டின் (நிர்வாகி கணக்கின்) மெயில் கோப்பில் கிடக்கின்றன. அறுபத்து மூன்று.

யாரோ ஹோஸ்ட்நேமை, அதாவது சர்வரின் சொந்தப் பெயரை, கடையின் டொமைனாகவே மாற்றியிருக்கிறார்கள். தனியாகப் பெயர் சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் கணினியின் ஹோஸ்ட்நேமைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயருக்கு வரும் மெயிலை வெளியே அனுப்பாது, தன்னிடமே வைத்துக்கொள்ளும். ரெட் ஹேட் வழி லினக்ஸில் இன்ஃபோ, சேல்ஸ் முகவரிகள் ரூட்டுக்குத் திருப்பப்பட்டிருக்கும். அதனால்தான் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை.

"ஹோஸ்ட்நேமை மாற்றினால்தானே சார் சைட் திறக்கும்?" எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! இல்லை. ஹோஸ்ட்நேம் என்பது கணினி தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பெயர். டொமைனை உலகம் தேடுவது டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில். உங்கள் கணினிக்கு ஒரு பெரிய வங்கியின் டொமைனையே பெயராக வையுங்கள், ஒருவரும் வரமாட்டார்கள். அதையே 'மணி' என்று வைத்துவிட்டு, டிஎன்எஸ்ஸில் ஏ ரெக்கார்டை (டொமைனை சர்வரின் ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவை) சரியாகப் போடுங்கள், சைட் திறக்கும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் எழுதும் சர்வர்நேம் இன்னொரு விஷயம், அதையும் இதோடு குழப்பாதீர்கள்.

ஹோஸ்ட்நேமாக டொமைனை அப்படியே வைக்காமல் முன்னால் ஒரு சொல் சேருங்கள்: 'வெப்1.எக்ஸாம்பிள்.காம்' மாதிரி. அடிக்கோடு வேண்டாம், எழுத்து, எண், இடைக்கோடு போதும். ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்ற கட்டளை கொண்டு மாற்றுங்கள். வெறும் ஹோஸ்ட்நேம் கட்டளையில் மாற்றினால் ரீபூட்டில் போய்விடும். அப்புறம் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் பழைய பெயரை மாற்றுங்கள். டெபியன், உபுண்டுவில் அது 127.0.1.1 வரியில் இருக்கும். இதை விட்டுவிட்டுத்தான் சுடோ (நிர்வாகி உரிமையில் வேலை செய்ய உதவும் கட்டளை) ஒவ்வொரு முறையும் முனகுகிறது என்கிறார்கள். சில கிளவுட் சர்வர்களில் ரீபூட் ஆனதும் பழைய பெயர் திரும்பி வரும். அங்கே கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரைத் தொடக்கத்தில் அமைக்கும் மென்பொருள்) அமைப்பில் 'பிரிசர்வ் ஹோஸ்ட்நேம்' என்பதை ட்ரூ ஆக்குங்கள்.

அலுவலக நெட்வொர்க்குக்கு 'டாட் லோக்கல்' வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 2013-இலேயே அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (உள் நெட்வொர்க்கில் கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறைக்கு) ஒதுக்கப்பட்டுவிட்டது. உள் உபயோகத்துக்கென்று 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கிய 'டாட் இன்டர்னல்' இருக்கிறதே.

பெயரை மாற்றிய கையோடு உங்கள் சொந்த டொமைன் முகவரிக்கு அந்த சர்வரிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள், தயவுசெய்து. மெயில் லாகில் அந்த வரியில் 'ரிலே' என்பதற்கு நேரே 'லோக்கல்' என்று இருந்தால், மெயில் வெளியே போகவில்லை.