நடால் அடித்த பந்தை அமுக்கியது யார்?

டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்டை, அதாவது மட்டை பிடித்த கையின் பக்கமாக அடிக்கும் அடியை, டிவியில் முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்குப் பந்து அவுட் என்றுதான் தோன்றும். வலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் போகும். கோட்டுக்கு வெளியே எங்கோ விழப்போகிறது என்று நினைக்கும்போதே, யாரோ மேலிருந்து அமுக்கியது போலச் சட்டென்று தாழ்ந்து உள்ளே விழும். விழுந்த வேகத்தில் எதிராளியின் தோள் வரை எகிறும். பிரெஞ்சு ஓபனில் அவர் ஆடிய 116 ஆட்டங்களில் 112 வெற்றி, 14 பட்டம். அதில் பெரும்பங்கு இந்த ஒரு அடிக்கு உண்டு.

அமுக்கியது காற்று. நடால் மட்டையைத் தாழ்வான இடத்திலிருந்து மேல்நோக்கி இழுத்து, பந்தின் பின்பக்கத்தை உரசியபடி அடிப்பார். கை தலைக்கு மேலே சாட்டை சுழற்றுவது போல முடியும். இதனால் பந்து முன்னோக்கி உருண்டபடியே பறக்கிறது. அதன் மேற்பக்கம் எதிர்க்காற்றை மோதித் தடுக்க, அங்கே காற்று பந்தை விட்டுச் சீக்கிரம் பிரிந்துவிடுகிறது. கீழ்ப்பக்கத்துக் காற்றோ பந்தோடு ஒட்டிக்கொண்டு வளைந்து, பின்னால் மேல்நோக்கி வெளியேறுகிறது. பந்து காற்றை மேலே தள்ளினால், காற்று பந்தைக் கீழே தள்ளும். சாய்வாக அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பதாக, ஒளியைப் பற்றி 1672-ல் எழுதிய கடிதத்தில் நியூட்டனே போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். ஆனால் ‘மாக்னஸ் விளைவு’ என்று பெயர் கிடைத்தது 19-ம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஹைன்ரிக் மாக்னஸுக்கு.

வேகப் படப்பதிவுகளில் அளந்தபோது நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 3200 முறை சுழன்றது. அதாவது நொடிக்கு 53 சுற்று. பந்தின் விளிம்பு மட்டும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்துக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: காற்றின் அழுத்து விசை பந்தின் எடையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வருகிறது. ஈர்ப்பு விசை ஏறக்குறைய இரட்டிப்பானது போலத்தான்.

சரி, இவ்வளவு சுழற்சிக்குக் கை பலம் மட்டும் போதுமா? போதாது. மட்டையின் ஸ்ட்ரிங் சொரசொரப்பாக இருந்தால்தான் பந்து நன்றாகச் சுழலும் என்று நினைப்போம். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். வழுக்கும் ஸ்ட்ரிங்தான் வேண்டும். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் பந்தோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்து, பந்து மட்டையை விட்டுப் போவதற்குள் பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளல்தான் கூடுதல் சுழற்சி. 1997-ல் பிரேசிலின் குஸ்தாவோ குயேர்ட்டன் இதைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சு ஓபனை வென்றதும் மற்றவர்களும் மாறத் தொடங்கினார்கள்.

இதற்கு 20 ஆண்டு முன்பே ஒரு முன்னோட்டம் நடந்தது. ஸ்ட்ரிங்குகளைப் பின்னாமல் தளர்வாக விட்ட ‘ஸ்பகெட்டி’ மட்டையோடு 1977-ல் ருமேனியாவின் இலி நாஸ்டாசே ஆட, எதிரில் நின்ற அர்ஜென்டினாவின் கியர்மோ விலாஸ் வெறுத்துப்போய்ப் பாதியிலேயே வெளியேறினார். களிமண் தளத்தில் விலாஸ் தொடர்ந்து வென்ற 53 ஆட்டங்கள் அத்துடன் முடிந்தன. மட்டை தடை செய்யப்பட்டது. அந்த 53-ஐ 2006-ல் முந்தியவர் யார்? நடால்தான். அவருடைய வரிசை 81 வரை போனது.

அப்புறம் தரை. இப்படி முன்னோக்கிச் சுழலும் ‘டாப்ஸ்பின்’ பந்து செங்குத்தாக இறங்குவதால் செங்குத்தாகவே எழும்பும். பிரெஞ்சு ஓபனின் களிமண் தளம், அதாவது செங்கல் தூள் பரப்பிய தளம், பந்தைப் பிடித்து முன்னோக்கிய வேகத்தைக் குறைத்து, மேலே இன்னும் எகிற வைக்கும். நடால் இடது கையால் குறுக்காக அடித்த பந்து வலது கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்டுக்கு, அதாவது அவருடைய இடப்பக்கத்துக்குத்தான் போகும். ஒற்றைக் கை பேக்ஹேண்ட் வைத்திருந்த ரோஜர் ஃபெடரர் தோள் உயரத்தில் அதை அடித்தாக வேண்டும். களிமண்ணில் இருவரும் மோதிய 16 ஆட்டங்களில் ஃபெடரர் வென்றது 2. ஆனால் 193 சென்டிமீட்டர் உயரமுள்ள ராபின் சோடர்லிங்குக்கு அதே பந்து வசதியான இடத்தில் வந்தது. 2009-ல் பிரெஞ்சு ஓபனில் நடாலை முதன்முதலாகத் தோற்கடித்தவர் அவர்தான்.

நடாலின் ஆட்டத்தைப் பலரும் முரட்டு ஆட்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுழற்சி இருப்பதால்தான் முழு பலத்தோடு அடித்தும் வலைக்கு மேலே தாராளமாக இடம் விட முடிகிறது. தப்பு செய்யக்கூடாது என்று நினைக்கிற நிதானமான ஆளின் அடி அது. ஆத்திரத்தில் ஒரு மட்டையைக்கூட உடைக்காதவர் என்று பெயரெடுத்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? விலையை உடம்பு கொடுத்தது. முழங்கால், மணிக்கட்டு, நாள்பட்ட எலும்புக் கோளாறு வந்த இடது பாதம் என்று காயங்களின் பட்டியல் நீளம்.

2020-ல் கொரோனாவால் பிரெஞ்சு ஓபன் குளிர் தொடங்கிய பிறகுதான் நடந்தது. குளிரில் பந்து அவ்வளவு எகிறாது. கனமாக இருப்பதாக நடாலே குறைப்பட்ட புதுப் பந்து வேறு. இறுதி ஆட்டத்தில் கூரையையும் மூடிவிட்டார்கள். இந்த முறை எதிரில் நின்ற செர்பியாவின் நோவாக் ஜோகோவிச்சுக்குத்தான் வாய்ப்பு என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. முதல் செட்டை நடால் 6-0 என்று எடுத்தார். அடுத்ததும் அவருக்கே 6-2, பிறகு 7-5. மூன்று செட்டிலும் சேர்த்து நடால் தானாகச் செய்த தவறுகள் 14, ஜோகோவிச் 52.