குவாரன்டீன் தொட்டி: சொல்லும் பொருளும்

கொழும்பில் மீன் வளர்க்கிறவர்கள் 'குவாரன்டீன் டேங்க்' என்பார்கள். கடையிலிருந்து வந்த புதுமீனைப் பழைய மீன்களோடு சேர்க்குமுன் சில வாரம் விட்டுவைக்கும் வேறு தொட்டி அது.

சொல் வெனிஸ் நகரத்துப் பேச்சிலிருந்து வந்தது. 'குவாரன்தா' என்றால் நாற்பது. கொள்ளைநோய்க் காலத்தில் கப்பல்கள் நாற்பது நாள் காத்திருந்த பிறகே ஆட்களைக் கரையேற விட்டார்கள். அதற்கு முன்பே, 1377இல், ரகூசா (இன்றைய துப்ரோவ்னிக்) இப்படியொரு சட்டம் போட்டது. அங்கே 30 நாள். இலங்கைக்கு வந்த தோட்டத் தொழிலாளர்களும் இராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் முகாமில் இப்படிக் காத்திருந்தவர்கள்தான்.

தமிழில் 'தனிமைப்படுத்தல்'. 2020இல் 'தனிமைப்படுத்தல் ஊரடங்கு' என்று தினமும் கேட்டோம். ஆகவே 'தனிமைப்படுத்தல் தொட்டி' என்றால் யாருக்கும் விளங்கும். நான் அதையே எழுதுகிறேன். ஆனால் 'தனிமை' என்றதும் ஒவ்வொரு மீனையும் தனித்தனிப் போத்தலில் போட்டுவிடக் கூடாது. நியோன் டெட்ரா போன்ற கூட்டமீன் தனியே விட்டால் மிரண்டு சோர்ந்துவிடும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை ஒன்றாகவே இருக்கட்டும். இன்னொன்று, இது பார்வைக்கு நல்ல சுகமாயிருக்கும் மீனுக்கான தொட்டி. நோய் வந்த மீனை வைப்பதைச் 'சிகிச்சைத் தொட்டி' என்று பிரித்துச் சொல்வதே சரி.

சுகமான மீனை ஏன் காக்க வைக்க வேண்டும்? வெண்புள்ளி நோயைப் பாருங்கள். உப்புத்தூள் தூவினாற்போல் உடலில் புள்ளி தெரியுமுன்பே ஒட்டுண்ணி தோலுக்கடியில் புகுந்திருக்கும். வளர்ந்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும். மருந்து கேட்பது அந்த நீந்தும் பருவத்தில் மட்டும்தான். கொழும்புச் சூட்டில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கப்பி மீனின் பின்துவாரத்தில் சிவப்பு நூல்போல் எட்டிப்பார்க்கும் குடற்புழுவோ ஆறுதலாகத்தான் வெளியே தெரியும். அதனால் நாலு கிழமை வைப்பது நல்லது.

சின்ன மீன்களுக்கு 40 லீட்டர் தொட்டி தாராளம். மணல், கல் வேண்டாம். அடி வெறுமையாக இருந்தால்தான் கழிவும் புழுவும் கண்ணில் படும். ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். ஸ்பொஞ் ஃபில்டரைச் சில வாரம் முன்பே பெரிய தொட்டியில் ஓடவிட்டு எடுங்கள். மீன்கழிவில் உண்டாகும் அமோனியா என்ற நச்சை அழிக்கும் நல்ல பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். இல்லாவிட்டால் நோய்க்கு முன் அமோனியாவே மீனைக் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். வலை, வாளி, தண்ணீர் இழுக்கும் குழாய் எல்லாம் இந்தத் தொட்டிக்கென்று வேறாக இருக்க வேண்டும். அப்புறம், இடையில் ஆசைப்பட்டு இன்னொரு மீன் வாங்கி இதற்குள் விட்டால் நாள்கணக்கு எல்லா மீனுக்கும் மறுபடி ஒன்றிலிருந்துதான்.