மாத்திரை கொடுக்கும் அக்காவுக்கும் பணம் உண்டு

சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிற ஒரு அக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார். காலையில் அவர் முழுங்குகிற வரை நின்று பார்த்து, சிகிச்சை அட்டையில் குறித்துவிட்டுத்தான் தறியில் உட்காருவார். முதல் வாரம் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்று அந்த மனுஷர் பயந்து மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று சொல்லிச் சாப்பிட வைத்ததும் அந்த அக்காதான். இந்த வேலைக்கு அரசு பணம் தருகிறது என்று நான் சொன்னபோது, "சீக்காளிக்கு வர்ற காசுல நான் கை வெக்கறதுங்களா கண்ணு?" என்று முதலில் மறுத்துவிட்டார்.

இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது. நோயாளிக்கு வருவது நிக்‌ஷய் போஷண் யோஜனா என்கிற சத்துணவு உதவி. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் 1 முதல் 1,000 ரூபாய் ஆனது. மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவருக்குச் 'சிகிச்சை ஆதரவாளர்' என்று பெயர். அவருக்கான மதிப்பூதியம் முற்றிலும் வேறு கணக்கு. அவர் வேண்டாம் என்று விட்டால் அது நோயாளிக்குப் போய்ச் சேராது.

சாதாரண காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். அதை முழுதாக முடிக்க வைத்தால் ஆதரவாளருக்கு 1,000 ரூபாய். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் மொத்தம் 5,000 ரூபாய், இரண்டு தவணையாக. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. ஊரில் இருக்கிற தன்னார்வலர்களுக்குத்தான். அறிகுறி உள்ள ஒருவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்து, அவருக்குக் காசநோய் உறுதியானால், அனுப்பியவருக்கு 500 ரூபாய் தரும் ஏற்பாடும் உண்டு.

ஆயிரத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஆறு ரூபாய்கூட வராது. இது போதாது என்பதை நேராகவே சொல்கிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரும் அரை நாள் தறி நின்றுவிடுகிறது. நெய்தால்தான் கூலி. பஸ் செலவு, போன நேரம் என்று தனித்தனியாக இதில் எதுவும் சேராது; மொத்தமாக அந்த ஒரே தொகைதான். ஒரு காலத்தில் இந்த நோய்க்காரர்களைப் பெருந்துறை சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தோம். இப்போது அந்தக் கவனிப்பில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுப் பெண் சுமக்கிறார். அவருடைய நேரத்துக்கும் ஒரு விலை உண்டுங்க.

தொகை சிறியது என்பதற்காக அதையும் விட்டுவிட வேண்டாம். சிகிச்சை தொடங்கும்போதே, எஸ்.டி.எஸ். என்று சொல்லப்படும் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளரிடம் உங்கள் பெயரையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்து, நோயாளியின் நிக்‌ஷய் எண்ணோடு சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். நிக்‌ஷய் என்பது காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடு. கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இழுத்தடிக்கும். பணம் நேராக வங்கிக்குத்தான் வரும், யாரும் கையில் தர மாட்டார்கள்.

பாஸ்புக்கையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்த அக்காவின் பாஸ்புக் சிண்டிகேட் வங்கி காலத்தது. அந்த வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்து, பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் மாறிவிட்டது. பழைய எண்ணையே எழுதிக் கொடுத்திருந்தால் பணம் வராமல் போயிருக்கும். புது எண்ணை வாங்கிப் பதிந்தோம். ஆதாரில் உள்ள பெயரும் பாஸ்புக் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சிகிச்சை முடிந்ததும், 'முடிந்தது' என்று நிக்‌ஷயில் பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். பதிந்தால்தான் பணம் நகரும். அப்புறமும் வரவில்லை என்றால் நோயாளியின் நிக்‌ஷய் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடுங்கள்.