காற்று அடித்தும் கட்டிக் கிடக்கும் படகு

ஆடி மாதத்தில் உடுமலை, பூலவாடி, கேத்தனூர்ப் பக்கம் போனால் கரண்ட் எடுக்கும் காத்தாடிகள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதே நாட்களில் கொச்சி போல்காட்டி படகுத்துறையில் பாய்மரப் படகுகள் பாயைக் கழற்றி மடித்துவிட்டுக் கட்டிக் கிடக்கும். லட்சத்தீவு, மாலத்தீவு என்று கிளம்ப நினைத்து, படகிலேயே சமைத்துத் தூங்கி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. “காத்துல ஓடற வண்டி, காத்து அடிக்கறப்ப எதுக்குங்க நிக்குது?” என்று நம்ம ஊரில் யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு இடத்திலும் அடிப்பது ஒரே காற்று.

தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பி, நிலநடுக்கோட்டைத் தாண்டி, பூமிச் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, அரபிக் கடல் மேல் வரும் தென்மேற்குப் பருவக்காற்று அது. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மலையில் முட்டுகிறது. முட்டாமல் புகுந்து வர அதற்குக் கிடைத்த பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கி.மீ.க்கு மேல் அகலம். அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வேகமெடுத்து நம் பக்கம் இறங்குகிறது.

பாய்மரம் என்றாலே காற்று பின்னாலிருந்து தள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இன்றைய முக்கோணப் பாய் காத்தாடி இறக்கைக்கு உறவுக்காரன். வளைந்த பாயைத் தழுவிப் போகும் காற்று திசை திரும்புகிறது. அதைத் திருப்பிவிட்ட பாய்க்கு எதிர்ப்பக்கமாக ஓர் இழுப்பு கிடைக்கிறது. இந்த இழுப்பில் பெரும்பகுதி பக்கவாட்டில் போகும், கொஞ்சம்தான் முன்னோக்கி. பக்கவாட்டில் போவதை, படகின் அடியில் நீருக்குள் நீளும் கீல் என்ற கனத்த தகடு தடுத்துவிடுகிறது. ஈரப் பலாக்கொட்டையை இரு விரலால் அழுத்தினால் வழுக்கி முன்னே பாய்கிறதே, அப்படிக் காற்றுக்கும் நீருக்கும் நடுவில் சிக்கிய படகு முன்னால் நழுவுகிறது. இதனால்தான் காற்று வரும் பக்கம் நோக்கியே, சாய்வாக, படகை ஓட்ட முடிகிறது.

சாய்வாகத்தான், நேராக முடியாது. காற்றின் திசையிலிருந்து ஏறக்குறைய 45 பாகைக்குள் போனால் பாய் படபடக்கும், இழுப்பு போய்விடும். காத்தாடி நின்ற இடத்திலேயே முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அதற்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் கிடையாது. படகுக்கு உண்டு. லட்சத்தீவின் தலைநகர் கவரத்தி கொச்சிக்கு மேற்கே சுமார் 400 கி.மீ. ஆடியில் அங்கே கரையோரக் காற்று வருவதும் மேற்கு, வடமேற்கிலிருந்துதான். ஆக வலமும் இடமுமாக 45 பாகையில் வளைந்து வளைந்து போகணும். கணக்குப்படி தூரம் 1.4 மடங்கு, அதாவது 565 கி.மீ. அலை பின்னுக்குத் தள்ளுவதைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

பெரிய எதிரி அந்த அலைதான் என்பேன். காற்றின் வேகம், எவ்வளவு நேரம் அடிக்கிறது, எவ்வளவு தூரம் தடையில்லாமல் நீர்மேல் ஓடி வருகிறது, இந்த மூன்றும் சேர்ந்து அலையின் உயரத்தை முடிவு செய்கின்றன. சோமாலியாவிலிருந்து கேரளம் வரை 2,000 கி.மீ.க்கு மேல் திறந்த கடல். உடுமலையில் சோளக்காடு அலையடிக்கும், அவ்வளவுதான். காற்றின் வேகம் இரட்டித்தால் காத்தாடிக்குக் கிடைக்கும் ஆற்றல் 8 மடங்கு, முதலாளிக்குக் கொண்டாட்டம். படகின் பாயிலோ விசை 4 மடங்காகிப் படகைச் சாய்க்கும், உடனே பாயைச் சுருக்கணும். கிடைத்த காற்றை வேண்டாமென்று விடுகிற வேலை.

சரி, கட்டிப்போட்ட படகு சும்மா இருக்குமா? துணை எஞ்சினின் வெண்கல புரொபெல்லரும் எவர்சில்வர் தண்டும் உப்புநீரில் தொட்டுக்கொண்டு நின்றாலே அது ஒரு பேட்டரி. அவை அரிக்காமலிருக்க அடியில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துவார்கள். நம் பட்டறை பாஷையில் ஜிங்க். அது முதலில் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். ஆனால் மழைக்காலத்தில் ஆறுகள் கொட்டக் கொட்டக் கொச்சிக் காயலின் மேல்நீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடுகிறது. அதில் ஜிங்க் மேல் வெளிறிய ஓடு படிந்து வேலையை நிறுத்திவிடும். கட்டி கரையாமல் முழுசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால் போச்சு, கரைவது புரொபெல்லர். அலுமினியக் கலவைக் கட்டி இங்கே தேவலாம்.

படகில் குடியிருப்பவருக்கு இன்னொரு தொல்லை, கரையிலிருந்து இழுக்கும் மின்சாரம். அதன் எர்த் வயர் பக்கத்துப் படகின் உலோகத்தையும் நம்முடையதையும் சேர்த்துவிடுவதால், நம் கட்டி பக்கத்துக்காரர் புரொபெல்லருக்காகக் கரையும். எர்த்தை வெட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் வயரின் நடுவே டயோடுகள் வைத்த பெட்டி ஒன்றை மாட்டுவார்கள். ஒரு வோல்ட் அளவு அழுத்தத்தில் ஓடும் அரிப்பு மின்னோட்டத்தைத் தடுத்து, ஷாக் அடிக்கும் அளவுக்குக் கசிவு வந்தால் மட்டும் விட்டுவிடும்.

மார்கழி, தையில் காற்று திரும்பிவிடும். அதே கணவாய் வழியாக வறண்ட கீழ்க்காற்று கோவைப் பக்கமிருந்து பாலக்காட்டில் இறங்கிக் கடல்வரை போகிறது. மழை நின்றதும் அவசரப்பட்டுக் கிளம்பவும் முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம். 2017 நவம்பர் கடைசியில் உருவான ஒக்கி லட்சத்தீவு வழியாகத்தான் போனது. ஜனவரி, பிப்ரவரி தோது. பிற்பகலில் கரையோரம் கடற்காற்று எதிரே வரும் என்பதால் விடியலில் கிளம்பினால், மணிக்கு 9 கி.மீ. வைத்தாலும் இரண்டு நாளில் கவரத்தி. மார்ச் கடைசி வரை இழுத்தடித்தால் காற்று செத்துவிடும், அப்புறம் டீசல்தான்.