சிப்பி இருக்கிறது, அம்மோனைட்டின் ஓடு எங்கே?

அரியலூர் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓட்டோடு கிடைக்கிறது. அம்மோனைட் கிடைத்தால் வெறும் கல்லாகத்தான் இருக்கிறது. இரண்டும் கடலில் வாழ்ந்தவைதானே, ஏன் இந்த வித்தியாசம்?"

அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து, இன்று அழிந்துபோன கடலுயிர். பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கிரிட்டேசியஸ் காலம் முடியும்வரை, இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பெரும்பகுதியில் கடல் ஏறுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்கள் செத்து, சேற்றில் புதைந்து, மேலே படிவு ஏறி இறுகிப் பாறையாயின. பள்ளியில் படித்த கதைதான்.

விடை ஓட்டின் வேதியியலில் இருக்கிறது. இரண்டு ஓடுகளுமே கால்சியம் கார்பனேட். ஆனால் அதே பொருளை உயிரினங்கள் இரண்டு விதமாக அடுக்குகின்றன. கால்சைட் என்ற அடுக்கில் ஒவ்வொரு கால்சியம் அணுவையும் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும், அரகோனைட்டில் ஒன்பது. அரகோனைட் அடர்த்தி மிக்கது, ஆனால் நிலத்தடிச் சூழலில் நிலையற்றது. கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் பாறைக்குள் கசியும்போது முதலில் கரைவது அதுதான். அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் குவிந்து கிடக்கும் கிரைஃபியா என்ற சிப்பி தன் ஓட்டைப் பெரும்பாலும் கால்சைட்டில் கட்டியது. அம்மோனைட் கட்டியது அரகோனைட்டில். அதனால்தான் சிப்பி தங்கியது, அம்மோனைட்டின் ஓடு போயிற்று.

போனது என்றால் எங்கே போனது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கரைந்த கார்பனேட் முழுவதும் நீரோடு ஓடிவிடுவதில்லை. பெரும்பங்கு அருகிலேயே, படிவுத் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில், கால்சைட்டாகத் திரும்பப் படிகிறது. உதிரியாகக் கிடந்த சேற்றையும் ஓட்டுத் துண்டுகளையும் ஒட்டிப் பிடித்துப் பாறையாக்கும் பசைகளில் இதுவும் ஒன்று. காணாமல் போன அரகோனைட் ஓடுகள்தான், மிஞ்சிய சிப்பிகளைத் தாங்கி நிற்கும் கல்லை இறுக்க உதவியிருக்கின்றன!

அப்படியானால் கையில் கிடைக்கும் சுருள் கல் என்ன? அது ஓடு அல்ல, உள்வார்ப்பு. அம்மோனைட் செத்ததும் சதை அழுகி, ஓட்டுக்குள் சேறு புகுந்தது; சேறு எட்டாத அறைகளில் பின்னாளில் கால்சைட் படிந்தது. உள்ளே நிரம்பியது இறுகிய பிறகே வெளி ஓடு கரைந்தது. குழிப்பணியாரச் சட்டி மறைந்து பணியாரம் மட்டும் மிஞ்சியதுபோல, ஓட்டின் உட்பக்க வடிவம் கல்லாக நிற்கிறது.

இழப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கல்லை ஈரத்துணியால் துடைத்து, சாய்வான வெயிலில் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் நெளிநெளியாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு நெளிவின் ஓரத்திலும் சின்ன நெளிவுகள், அவற்றின் ஓரத்தில் இன்னும் சின்னவை. அறைகளைப் பிரித்த உட்சுவர்கள் வெளியோட்டின் உட்புறத்தைத் தொட்ட தடம் அது. இனம் பிரிக்க ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது இந்தக் கோடுகளைத்தான். ஓடு முழுதாக இருந்திருந்தால் இவை வெளியே தெரிந்தே இருக்காது.

கடல் முள்ளெலி இன்னொரு அதிசயம். அதன் ஓட்டிலுள்ள ஒவ்வொரு தகடும் கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்ட ஒற்றைக் கால்சைட் படிகம். புதைந்த பிறகு, துளைகளில் வந்து சேரும் கால்சைட்டும் அதே திசையில் வளர்ந்து அடைக்கிறது. அதனால் புதைபடிவ முள்ளெலியின் உடைந்த ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், தட்டையான சாய்முகம் ஒன்று பளிச்சென்று மின்னும்.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று பரப்பினார்களே, அந்தக் கூத்து எனக்கு வருத்தமாகவே இருந்தது. அழுகும் உயிர்ப்பொருளைச் சுற்றி நுண்ணுயிர்கள் நீரின் வேதியியலை மாற்ற, அங்கே கார்பனேட் படிந்து இப்படிப்பட்ட உருண்டைகள் உருவாகும். சிலவற்றின் நடுவே அம்மோனைட்டும் இருக்கும். முட்டை என்றால் கூட்டம் கூடுகிறது. அம்மோனைட் என்றதும் கலைந்துவிடுகிறது. முட்டைக்குக் குறைந்ததா அது?

இதைவிடப் பெரிய கவலை சுரங்கங்கள். சிமென்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லும் புதைபடிவம் நிறைந்த சுண்ணாம்புக்கல்லும் பல இடங்களில் ஒன்றுதான். தோண்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை; தோண்டாமல் பல அடுக்குகள் வெளியே தெரிந்தே இருக்காது. ஆனால் கல் அரவைக்குப் போகுமுன் பார்த்து எடுத்துவைக்க, ஒவ்வொரு சுரங்கத்திலும் தொல்லுயிரியல் படித்த ஒருவர் சம்பளத்தோடு இருக்க வேண்டும். புவிமரபு இடங்களை, அதாவது பூமியின் வரலாற்றைக் காட்டும் இடங்களை, காக்க 2022இல் மத்திய அரசு சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. சட்டத்தோடு ஆளும் பணமும் வேண்டும். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பது நல்ல தொடக்கம்.

தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிர்களை 1846இல் விவரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸின் மாதிரிகள் லண்டனில் இருக்கின்றன. 1860களில் பெரும்பணியாக அதைத் தொடர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவின் மாதிரிகள் கொல்கத்தாவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம். கேள்வி கேட்ட மாணவி தன் ஊர் அம்மோனைட்டை, முதலில் பெயரிட்டு விவரிக்கப் பயன்பட்ட அந்த மூலமாதிரிகளோடு ஒப்பிட வேண்டுமானால் அவ்வளவு தூரம் போக வேண்டும். குறைந்தபட்சம் அவற்றின் முப்பரிமாணப் படிகளையாவது வாரணவாசிக்கு வரவழைத்துத் தரலாம்.