நைட் டியூட்டியும் காலை வெயிலும்

நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் பகல் டியூட்டிதான் போடுவார்கள். வார்டு கொஞ்சம் பழகியதும் ரோஸ்டரில் நைட் வந்துவிடும். பல மருத்துவமனைகளில் அது இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை. சீனியர் சிஸ்டர்களிடம் கேட்டால், "ரெண்டு நாள்ல பழகிடும்மா" என்பார்கள். மனசு பழகிவிடும், உண்மைதான். உடம்பு அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. அதில் பெரிய பங்கு, டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் அந்த அரைமணி நேரத்துக்கு உண்டு என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை.

நம் தூக்கத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. 1982ல் சூரிக் நகரில் அலெக்சாண்டர் போர்பேய் இதை ஒரு தெளிவான மாதிரியாக முன்வைத்தார். ஒன்று, தூக்க அழுத்தம். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூங்கினால் குறையும். இன்னொன்று உடம்புக்குள் ஓடும் கடிகாரம். நாம் எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. இது பகல், இது இரவு என்று தன்பாட்டுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும்.

பகலில் அழுத்தம் ஏற ஏற, கடிகாரம் விழிப்பைக் கூட்டி ஈடுகட்டுகிறது. இரவு வந்ததும் அந்த உதவி நின்றுபோகிறது. முதல் நைட்டை நினைத்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல் டியூட்டிக்கு வந்தவர் மறுநாள் அதிகாலை 4 மணிக்கு 22 மணி நேரமாக விழித்திருக்கிறார். உடல் வெப்பநிலை நாளிலேயே மிகக் குறைவாக இறங்குவதும் ஏறக்குறைய அதே 4, 5 மணிக்குத்தான். இரண்டு அடியும் ஒன்றாக விழுகின்றன. டிரிப் வேகத்தைக் கணக்குப் போடுவதும், காலை ஊசிகளை எடுத்து வைப்பதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். கேஸ் ஷீட்டில் ஒரே வரியை மூன்று முறை படிக்கவேண்டி வந்தால், அது அக்கறைக் குறைவு அல்ல. கணக்கை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டிய நேரம்.

அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? மூளையின் அடியில், ஹைபோதாலமஸில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே. சுமார் 20,000 நரம்பு செல்கள், அவ்வளவுதான். வெளிச்சம் இல்லாவிட்டாலும் அது ஓடும். 1729லேயே பிரான்சில் தே மெரான் என்பவர் தொட்டாச்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலே நேரத்துக்கு இலை விரிந்தது, நேரத்துக்கு மடிந்தது. நம் ஊரிலும் இதற்குப் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் இருண்ட குகைகளில் வௌவால்களை ஆராய்ந்தார்கள். தனியாக அடைபட்ட வௌவாலின் கடிகாரம் தன்போக்கில் விலகிப் போனது. மற்ற வௌவால்கள் வெளியே போய்வரும் குகையில் இருந்தால், அவற்றோடு சேர்ந்து சரியான நேரத்தைக் காட்டியது. வெளியுலகத் தொடர்பே இல்லாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் அங்கே சோதித்திருக்கிறார்கள்.

மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதல். அதனால் தினமும் அதைச் சரிசெய்தாக வேண்டும். நமக்கு முக்கியமாக அதைச் செய்வது வெளிச்சம். பார்ப்பதற்கான செல்கள் போக, விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி செல்கள் இருக்கின்றன. நீல ஒளிக்கு அதிகம் மசியும் இவை, கடிகாரத்துக்கு நேராகவே செய்தி அனுப்புகின்றன.

இங்கேதான் சூட்சுமம். உடல் வெப்பநிலை மிகக் குறையும் அந்த அதிகாலை நேரத்துக்கு முன்னால் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகும், அதாவது தூக்கம் தாமதமாக வரும். அதற்குப் பின்னால் பட்டால் முன்னுக்கு வரும். நைட் பார்ப்பவருக்கு வேண்டியது தாமதம். வார்டு விளக்கு இரவு முழுக்க அந்தப் பக்கம் மெல்லத் தள்ளுகிறது. 8 மணிக்கு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றால் வெயில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். மங்கலான வார்டில் நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது, திறந்த வெளியிலோ பல்லாயிரம். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. வாரம் முழுக்க நைட் பார்த்தாலும் பலருடைய கடிகாரம் பகல்காரராகவே இருப்பது இதனால்தான்.

சரி, கடிகாரத்தை மாற்றத்தான் வேண்டுமா? மூன்று நான்கு நைட் என்றால் வீண் வேலை, அது நகர்வதற்குள் மறுபடி பகல் டியூட்டி வந்துவிடும். மாதக்கணக்கில் நைட் என்றால், சிகாகோவில் சார்மேன் ஈஸ்ட்மன் குழு ஆராய்ந்த நடுவழி எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. கடிகாரத்தை முழுக்கத் திருப்பாமல் பாதி நகர்த்துவது. டியூட்டி நாளில் காலை வீடு வந்ததும் தூக்கம், விடுமுறை நாளில் அதிகாலை 3 மணிக்குப் படுத்து நண்பகலில் எழுவது. டியூட்டியின்போது நல்ல வெளிச்சம், திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி. லீவு நாளில் மதியம் வரை தூங்குவதை வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைப்பது தனி டியூட்டி.

எந்த ரோஸ்டராக இருந்தாலும் முதல் நைட்டுக்கு முன்னால் மதியம் தூங்கிவிடுங்கள். 2 மணியிலிருந்து 4 மணி வரை இயல்பாகவே கண் சொக்கும். மாலை 6 மணிக்குமேல் முயன்றால் வராது, கடிகாரம் விழிப்பை உச்சத்தில் வைத்திருக்கும் நேரம் அது. நைட் முடிந்து அடித்துப்போட்டதுபோல் படுத்தவர் 12 மணிக்கெல்லாம் விழித்துக்கொள்வதும் இதே கடிகாரத்தின் வேலைதான். அழுத்தம் பாதி குறைந்ததும் பகல் சமிக்ஞை எழுப்பிவிடுகிறது. குக்கர் விசிலையும் மே மாத வெக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டான, குளிர்ச்சியான அறை இங்கே ஆடம்பரம் அல்ல.

டீ விஷயம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடிப்பதுபோல, அடினோசின் உட்காரவேண்டிய இடத்தில் கஃபீன் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. குடித்த கஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். அதிகாலை 5 மணி டீ, 10 மணிக்குப் படுக்கையிலும் கூடவே இருக்கும். நள்ளிரவு வாக்கில் குடித்து முடிப்பது நல்லது. சாப்பாட்டையும் அதற்கு முன்பே முடித்துவிடலாம். கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தனிக் கடிகாரங்கள் உண்டு. நடு இரவில் சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்கு ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும்.

ஸ்கூட்டியில் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடையதைப்போல இருந்ததாக 1997ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 0.03. நைட் முடிந்து கிளம்புபவர் பெரும்பாலும் இந்த நிலையைத் தாண்டியவர். கிளம்பும் முன் இருபது நிமிடம் தூங்குங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போங்கள். கறுப்புக் கண்ணாடி பின்னால் உட்கார்ந்து வருபவருக்குத்தான். ஓட்டுகிறவருக்கு அந்த வெயில் தரும் விழிப்பு தேவை.

அப்புறம், இன்சார்ஜ் சிஸ்டர் ரோஸ்டர் போடும்போது கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நம் கடிகாரத்தின் சுற்று 24 மணியைவிட நீளம் என்பதால், நேரத்தைத் தள்ளிப்போடுவது அதற்குச் சுலபம், முன்னுக்கு இழுப்பது கஷ்டம். காலை, மாலை, நைட் என்ற வரிசையில் சுற்றினால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். நைட்டிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து காலைக்கு என்று தலைகீழாகச் சுற்றினால் திணறும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமலே செய்யக்கூடிய மாற்றம் இது.