காணி விலை விழுந்தாலும் சோலைவரி ஏன் குறைவதில்லை?

சோலைவரி என்பது வீடு, காணி போன்ற ஆதனங்களுக்கு உள்ளூராட்சி சபை அறவிடும் வரி. இலங்கையின் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் விலை மதிப்பீட்டாளனாகிய என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு: "காணி வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது சேர், சோலைவரி மட்டும் ஏன் அப்படியே வருகிறது?" அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தனது கடன் வட்டி வீதத்தை நூற்றுக்கு 14.5 ஆக உயர்த்தியதோடு வீட்டுக்கடன் எட்டாக்கனியானது. சீமெந்து விலையும் ஏறியதால் அத்திவாரத்தோடு நின்றுபோன வீடுகளை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அடிக்கடி பார்த்தேன். கேட்டவர்களின் ஆதங்கம் நியாயமானதே. ஆனால் வரி எதன்மீது கணிக்கப்படுகிறது என்பதைத்தான் பலர் அறிந்திருக்கவில்லை.

மாநகர சபைக் கட்டளைச் சட்டம் சோலைவரியை விற்பனை விலையோடு பிணைக்கவில்லை. அது "வருடாந்தப் பெறுமதி" என்ற ஒன்றையே அடிப்படையாகக் கொள்கிறது. ஓர் ஆண்டோடு இன்னோர் ஆண்டைச் சேர்த்துப் பார்க்கும்போது, நியாயமான ஒரு வாடகைக்குடியிருப்பாளர் அந்த வீட்டுக்கு ஆண்டொன்றுக்குக் கொடுக்கக்கூடிய வாடகையே அந்தப் பெறுமதி. விலை மதிப்பீட்டுத் திணைக்களம் அதைக் கணிக்க, அதில் எத்தனை வீதம் அறவிடுவது என்பதைச் சபை தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாயாகவும் வரி 8 வீதமாகவும் இருந்தால் ஆண்டுக்கு 4,800 ரூபாய், காலாண்டுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும்.

விற்பனை மந்தமானால் வாடகையும் விழும் என்று எண்ணுவது இயல்பு. நடைமுறையில் பல வேளைகளில் மறுதலையாகவே நடக்கிறது. கட்ட முடியாதவரும் வாங்க முடியாதவரும் வாடகை வீடு தேடுவதால் வாடகை குறையாமல் நிற்கிறது, சில இடங்களில் ஏறியும் விடுகிறது. எங்கள் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கு வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் சொத்து. அதைச் சந்தையில் விற்பவர் குறைவு. அரிதாக நடக்கும் ஓரிரு அவசர விற்பனைகளை வைத்து "விலை பாதியாகிவிட்டது" என்று சொல்வதை நான் எந்த அறிக்கையிலும் எழுதமாட்டேன்.

காலம் பற்றிய சிக்கல் இதைவிடப் பெரியது. மீள்மதிப்பீடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது பொது வழக்கமாயினும் அது பிந்துவதே சாதாரணம். ஆகவே சபை உங்களுக்கு அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தலில் இருக்கும் பெறுமதி பல ஆண்டுகளுக்கு முந்திய வாடகையைக் காட்டக்கூடும். பதிவில் வருடாந்தப் பெறுமதி 48,000 ரூபாய், அதாவது மாதம் 4,000 ரூபாய் என்றிருக்கையில், "மாதம் 40,000 ரூபாய் வாடகை 25,000 ஆகிவிட்டது" என்று ஆட்சேபனை எழுதுபவர் தன் வாயாலேயே தன் வரி குறைவு என்று சொல்பவராகிறார். அப்படி வந்தவர்களை நான் ஆட்சேபனை கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு வர வேண்டிய கட்டணம் போனதுதான் மிச்சம்.

உண்மையில் வெல்லக்கூடிய ஆட்சேபனை எது என்பதற்கு ஒரு சம்பவம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய சுனாமிக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்கள் மட்டக்களப்பில் வீடுகளை அலுவலகங்களாக வாடகைக்கு எடுத்தன; வாடகை எங்கள் ஊர் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. கல்லடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடும் அவ்வாறு கொடுக்கப்பட்டது. நிறுவனங்கள் போய், அவரது குடும்பம் திரும்பிக் குடியேறி ஆண்டுகள் கடந்த பின்பே அவர் என்னிடம் வந்தார். காணி விலை சரிந்ததைப் பற்றித்தான் அவரும் பேசினார். சபையின் வரிப் பதிவேட்டைப் பார்த்தபோது அந்த வீடு இன்னும் அலுவலகப் பயன்பாடாகவே இருந்தது. சட்டம் சொல்லும் "ஓர் ஆண்டோடு இன்னோர் ஆண்டு" என்ற சொல்லாட்சி இத்தகைய அசாதாரண வாடகைகளுக்கு எதிரான காப்புத்தான். அயல் வீடுகளின் வாடகை ஒப்பந்தங்கள் சிலவற்றையும் மின்பட்டியலையும் இணைத்துக் கொடுத்தோம். பயன்பாடு திருத்தப்பட்டுப் பெறுமதி குறைந்தது. முன்னர் கட்டிய பணம் திரும்பவில்லை.

எனவே அறிவித்தல் கிடைத்தவுடன் காணி விலையை விட்டுவிட்டுப் பதிவைப் பாருங்கள். கட்டடப் பரப்பு சரியா, இடிந்துபோன குசினியோ கொட்டிலோ இன்னும் எழுதப்பட்டிருக்கிறதா, குடியிருப்பா வணிகமா என்ற வகை பொருந்துகிறதா, அதேபோன்ற அயல் வீட்டுக்கு என்ன பெறுமதி இடப்பட்டிருக்கிறது என்பவற்றை அறிந்து, அறிவித்தலில் குறிப்பிடப்பட்ட காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்க வேண்டும். வாய்மொழி முறைப்பாடு பதிவாகாது. சபையின் முடிவில் திருப்தியில்லாதவர் நீதிமன்றத்தை நாடலாம். சிறிய வீடொன்றுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

ஆட்சேபனை கொடுத்தோம் என்ற துணிவில் கட்டாமல் விட்டு, நிலுவையோடு அறவீட்டுச் செலவையும் சுமந்தவர்களை அறிவேன். ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31 க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும்; காலாண்டின் முதல் மாதத்தில் கட்டுபவருக்கு 5 வீதம். மேற்சொன்ன 4,800 ரூபாயையும் ஜனவரியிலேயே கட்டினால் 480 ரூபாய் மிச்சமாகும். பலர் கேட்டு வரும் குறைப்பைவிட இது நிச்சயமானது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மந்தகாலத்தில் வீடு வாங்குபவர்கள், நொத்தாரிசிடம் உறுதி முடிக்க முன்னரே சபைக்குச் சென்று நிலுவையைக் கேட்டறிய வேண்டும். விற்றவர் கட்டாத வரி அந்த வீட்டின்மீதே நிற்கும்.